வீடு விற்ற பணம் அடுத்த வீடு வரை எங்கே இருக்கட்டும்?

2024 நவம்பர் கடைசியில் திருச்சி கே.கே. நகர் வீட்டை விற்றேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துக்குக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கைபேசி அதிர்ந்தது: 71,28,000 ரூபாய் வரவு. விலை 72 லட்சம். 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் சொத்து என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும், அதனால் அந்த 72,000 குறைவு. ஆயுளில் அத்தனை பெரிய எண்ணை என் கணக்கில் பார்த்ததில்லை. மகள் இருக்கும் கோவையில் ஒரு வீடு வாங்குவது திட்டம். எந்த வீடு, எப்போது என்று ஒன்றும் தெரியாது.

அன்று சாயங்காலமே யோசனைகள் வரிசை கட்டின. மச்சினர், "பவுனா வாங்கிப் போடுங்க, அதுபாட்டுக்கு ஏறும்" என்றார். வங்கியிலிருந்து ஒரு தம்பி வீட்டுக்கே வந்து, ஒரே தடவை பிரீமியம் கட்டும் பாலிசி ஒன்றை வழவழப்பான தாளில் காட்டினார். ஐந்து வருடம் கையே வைக்க முடியாது என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். சித்தப்பா மகன், "அண்ணே, ஒரு பத்து லட்சம், ஆறே மாசம், பேங்க் வட்டியை விட ரெண்டு பைசா கூடவே தர்றேன்" என்றான். மகள் லிக்விட் ஃபண்டு என்றாள். என் மனைவி மட்டும், "ஏங்க, அது நம்ம வீடுங்க. பணமா மாறி நிக்குது, அவ்வளவுதான்" என்றாள்.

அவள் சொன்ன கோணத்திலிருந்து பார்த்தால் கணக்கே மாறிவிடுகிறது. இது முதலீட்டுப் பணம் இல்லை, சத்திரத்தில் தங்கியிருக்கும் பணம். இதற்கு நான் கேட்ட முதல் கேள்வி: கிரைய நாள் காலையில் இது முழுசாக டிடி ஆகவோ ஆர்டிஜிஎஸ் (வங்கிக்கு வங்கி உடனடிப் பணமாற்றம்) ஆகவோ கிளம்புமா? அடுத்து, இடையில் ஐந்து பத்து சதவீதம் குறைய வாய்ப்பு உண்டா? மூன்றாவது வரி. வட்டி எவ்வளவு என்பது நான்காவது. 70 லட்சத்துக்கு 1 சதவீத வித்தியாசம் என்றால் வருடத்துக்கு 70,000 ரூபாய், ஆறு மாதத்துக்கு 35,000. கோவையில் வீடு பேசும்போது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஏறி இறங்கும் தொகை அது. அதற்காக முதல் இரண்டு கேள்விகளை விட்டுக்கொடுக்கக் கூடாது.

சேமிப்புக் கணக்கும் வைப்புநிதியும்

அப்படியே சேமிப்புக் கணக்கில் விட்டுவைப்பதுதான் சோம்பேறிக்கு வசதி. ஆனால் பெரிய வங்கிகளில் இப்போது சேமிப்பு வட்டி 2.5 சதவீத அளவில்தான். வைப்புநிதியில் 6.5 கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், 70 லட்சத்துக்கு மாதம் 23,000 ரூபாய்க்கு மேல் சும்மா விட்டுக்கொடுக்கிறோம். ஒரு வாரம், பத்து நாள் என்றால் சரி. அதற்கு மேல் விடக் காரணம் இல்லை.

அடுத்த படி, ஆட்டோ ஸ்வீப். கணக்கில் ஒரு வரம்புக்கு மேல் உள்ள பணம் தானாக வைப்புநிதியாகும், காசோலை வந்தால் தேவையான அளவு மட்டும் உடையும். மூன்று மாதத்துக்குள் வாங்கிவிடுவேன் என்று இருப்பவருக்கு இதுவே போதும். கிளையில் ஒரு படிவம், அவ்வளவுதான்.

வைப்புநிதியில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். 70 லட்சத்தையும் ஒரே ரசீதாக ஒரு வருடத்துக்குப் போட்டேன். மூத்த குடிமக்களுக்கான கூடுதல் அரை சதவீதம் சேர்த்து 7.3 சதவீதம். அதற்குப் பிறகு 2025இல் ரிசர்வ் வங்கி பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று முறை ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியை) குறைத்து 6.5இலிருந்து 5.5க்குக் கொண்டுவந்தது. புது வைப்புகளுக்கு வட்டி இறங்கியது, எனக்கு 7.3 நின்றது. 'நாம கெட்டிக்காரன்தான்' என்று மீசையைத் தடவிக்கொண்டேன். செப்டம்பரில் அதில் 44 லட்சம் மட்டும் தேவைப்பட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஒரே ரசீது, அதனால் முழுவதையும் உடைக்க வேண்டியதாயிற்று. உடைத்தால் 7.3 கிடையாது. எத்தனை மாதம் ஓடியதோ அந்தக் காலத்துக்குரிய வட்டி, அதிலும் 1 சதவீதம் அபராதம். கையில் வந்தது 5.75. ஒன்பது மாதத்துக்கு 80,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. உயிர் போகிற தொகை இல்லைதான். முட்டாள்தனத்துக்குக் கொடுத்த தண்டம் என்பதால் இன்னும் உறுத்துகிறது.

ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று ஏழெட்டு ரசீதாகப் போட்டிருந்தால் தேவையானதை மட்டும் உடைத்திருக்கலாம். காலத்தையும் மாற்றி மாற்றி வைத்திருக்கலாம்: சில ஆறு மாதம், சில ஒன்பது, சில ஒரு வருடம். முதிர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிரையம் வந்துவிட்டால் உடைக்கவே வேண்டாம். ரசீதின் மேல் கடன் வாங்கி இரண்டு வாரத்தில் அடைத்துவிடலாம், வைப்பு வட்டிக்கு மேல் சுமார் ஒரு சதவீதம்தான் கேட்பார்கள். இன்னொன்று: 1 கோடி வரையிலான வைப்புநிதியை இடையில் எடுக்க அனுமதிக்க வேண்டும் என்பது 2023 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேல் போடும்போது 'இடையில் எடுக்க முடியாது' என்ற வகையை நைசாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பால் பாயிண்ட் பேனாவைக் கையில் எடுப்பதற்கு முன் படிவத்தில் அந்த வரியைத் தேடுங்கள்.

எந்த வங்கி? டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். 2020 பிப்ரவரி 4 வரை அதுவும் 1 லட்சமாக இருந்தது. 70 லட்சத்தைப் பதினான்கு வங்கியில் பிரித்துப் போட யாராலும் முடியாது. அதனால் வங்கியின் பெயரே காப்பீடு. கரூரில் 1926இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 17 அன்று முடக்கப்பட்டது, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். பத்து நாளில் டிபிஎஸ் வங்கியோடு இணைத்தார்கள், டெபாசிட்தாரர்கள் பணம் தப்பித்தது. அதே வருடம் மார்ச்சில் யெஸ் வங்கிக்கு 50,000 வரம்பு, சுமார் இரண்டு வாரம். அங்கேயும் டெபாசிட்தாரர் பணம் போகவில்லை. ஆனால் அந்தப் பத்துப் பதினைந்து நாளுக்குள் கிரையம் வைத்திருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, ஒப்பந்தத்தில் கெடுத் தேதி இருக்கிறது, பணம் கணக்கில் தெரிகிறது, எடுக்க முடியவில்லை. அட்வான்ஸ் போனால் எந்தக் காப்பீடும் தராது.

அரை சதவீதம் கூடத் தருகிறார்கள் என்று கூட்டுறவு நகர வங்கிக்கோ சிறு நிதி வங்கிக்கோ இந்தப் பணத்தை முழுசாகக் கொண்டுபோக நான் தயாரில்லை. 5 லட்சம் வரை போடலாம், அதற்கு மேல் வேண்டாம். மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி 2019இல் முடங்கியபோது பெரிய தொகை வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது பத்து வருடம் வரை நீளும் தவணைத் திட்டம். ஸ்டேட் வங்கி, எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ மூன்றையும் 'விழ விட முடியாத அளவுக்குப் பெரியவை' என்ற பட்டியலில் ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது. சத்திரத்துக்கு அந்த மாதிரிக் கூரை போதும்.

லிக்விட் ஃபண்டும் கருவூல பில்லும்

மகள் சொன்ன லிக்விட் ஃபண்டு மோசமான யோசனை இல்லை. 91 நாளுக்குள் முதிரும் கடன் பத்திரங்களில் மட்டும் போடுவார்கள். முதல் ஏழு நாளுக்குள் எடுத்தால் சிறு கட்டணம், அதன்பின் இல்லை. பிற்பகல் 3 மணிக்குள் கேட்டால் அடுத்த வேலை நாள் கணக்கில் வந்துவிடும். உடைப்பதற்கு அபராதம் இல்லாததால், தேதி தெரியாத பணத்துக்கு வைப்புநிதியை விடச் சௌகரியம். எடுக்கும்போதுதான் வரிக்கணக்கு வரும், அதுவும் உங்கள் வருமான வரி விகிதப்படியே.

ஆனால் 'லிக்விட்' என்ற சொல்லை நம்பி அதற்கு அடுத்த ரகங்களுக்குப் போய்விடக் கூடாது. 2018இல் ஐஎல்&எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கடன் கட்டத் தவறியபோது சில லிக்விட் ஃபண்டுகளே அடி வாங்கின. 2020 ஏப்ரல் 23 அன்று ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டுகளை ஒரேயடியாக மூடியது. அவை லிக்விட் வகை அல்ல, கொஞ்சம் கூட வருமானம் தந்தவை. பணம் தவணை தவணையாகத்தான் திரும்பியது. அந்தக் 'கொஞ்சம் கூட' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. போடுவதென்றால் ஓவர்நைட் ஃபண்டு (ஒரே நாளில் முதிரும் கடனில் மட்டும் போடுவது), இல்லையென்றால் பெரிய நிறுவனத்தின் லிக்விட் ஃபண்டு. நான் 15 லட்சம் வரை போட்டிருப்பேன். போடவில்லை, வீட்டில் ஓட்டெடுப்பில் தோற்றேன்.

வங்கியைக்கூட நம்பாதவருக்கு ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் தளம் இருக்கிறது, 2021 நவம்பரிலிருந்து. அதில் அரசின் 91, 182, 364 நாள் கருவூல பில்களைப் புதன்கிழமை ஏலத்தில் நேரடியாக வாங்கலாம், 10,000 ரூபாயிலிருந்து. 5 லட்சம் வரம்பெல்லாம் இங்கே பேச்சே இல்லை, கடன் வாங்குவது இந்திய அரசு. இடையில் விற்பது சில்லறை ஆட்களுக்குச் சுலபமில்லை என்பதுதான் குறை. பங்குனியில் கிரகப்பிரவேசம் என்று தேதி உறுதியாகத் தெரிந்தவருக்குப் பொருந்தும்.

தபால் நிலைய ஒரு வருட டெபாசிட்டுக்கும் அரசு உத்தரவாதம்தான். முதல் ஆறு மாதம் தொடவே முடியாது, அதன்பின் வருடத்துக்குள் எடுத்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான். நமக்கு ஆகாது.

தங்கம், கைமாற்று, லீஸ்

தங்கம் ஏறுகிறது, சந்தேகமில்லை. ஆனால் வாங்கும்போது 3 சதவீத ஜிஎஸ்டி, விற்கும்போது கடைக்காரர் பிடித்தம், தங்கக் காசாக இருந்தாலும் போக வர நாலைந்து சதவீதம் போய்விடும். 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் அடுத்தடுத்த இரண்டு வர்த்தக நாளில் 10 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. அவ்வளவு பழைய கதை வேண்டாம் என்றால் 2024 ஜூலை 23: பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15இலிருந்து 6 சதவீதமாகக் குறைத்ததும் அன்றே சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் சரிந்தது. (அதே பட்ஜெட்டில்தான் வீடு விற்பவர்களின் வரிக்கணக்கையும் மாற்றினார்கள்.) மச்சினர் இன்றுவரை, "அன்னைக்கே சொன்னேன்ல மாமா" என்கிறார். ஏறியது உண்மைதான். இறங்கியிருந்தால் கோவையில் ஒரு படுக்கையறை குறைந்திருக்கும்.

கைமாற்று பற்றி ஒரே வரி: சித்தப்பா மகனுக்குப் பத்து இல்லை, ஒன்று கொடுத்தேன், திரும்பி வராது என்று தெரிந்தே. மாதம் 2, 3 சதவீதம் தரும் நிதி நிறுவனங்கள் பற்றி அதுகூடத் தேவையில்லை. தொண்ணூறுகளில் சென்னையில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாக விழுந்த பிறகு, டெபாசிட்தாரர் பாதுகாப்புக்கென்று 1997இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டது. அதற்கப்புறம்தான் ஆருத்ரா நிதி நிறுவன மோசடி வந்தது.

லீஸ் மட்டும் என்னைக் கொஞ்சம் சபலப்படுத்தியது. ஒத்தி, போக்கியம் என்று ஊருக்கு ஒரு பேர். வீடு விற்றவனுக்கு இடையில் குடியிருக்கவும் ஓர் இடம் வேண்டுமே. கோவையில் பார்த்த இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 14,000. அதே வீட்டை 12 லட்சம் லீஸுக்கும் தரத் தயாராக இருந்தார்கள். வாடகை இல்லை, காலி பண்ணும்போது 12 லட்சம் அப்படியே திரும்பும். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 1,68,000 மிச்சம், 12 லட்சத்துக்கு 14 சதவீதம். அதே பணத்துக்கு வைப்புநிதி 87,600 தரும், அதற்கும் வரி உண்டு. காகிதத்தில் லீஸை எதுவும் ஜெயிக்க முடியாது.

மாடியில் குடியிருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன். முந்தைய வீட்டில் அவருக்கு லீஸ் பணம் திரும்ப ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. வாங்கிய பணத்தை மகள் கல்யாணத்துக்குச் செலவு பண்ணிவிட்டார், அடுத்த லீஸ்காரர் வந்தால்தான் இவருக்குத் தர முடியும். இந்த முறை ஓடுவதே அப்படித்தான். நமக்கோ தேதி தெரியாத கிரையம். "சாவியைக் கொடுத்துட்டுப் பணத்தை வாங்கலாம்னா, சாவியக் குடுக்காமப் பணம் வராது, பணம் வராம நான் எங்க போறது?" என்றார் அவர். அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, அது வாராக்கடனாகிவிட்டால் பதிவு செய்யாத லீஸ் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வங்கியோடு மல்லுக்கட்ட முடியாது. வில்லங்கச் சான்றிதழ் பார்த்து, ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வீட்டுக்காரர் சம்மதித்தால் யோசிக்கலாம். அவர் சம்மதிக்கவில்லை. 14,000 வாடகைக்கே போனோம்.

மூலதன ஆதாயக் கணக்கு: அந்த 44 லட்சம்

இனி வரி. என்னுடைய அந்த 80,000 ரூபாய் தவறின் வேர் இங்கேதான்.

2010இல் அந்த வீட்டை 28 லட்சத்துக்கு வாங்கினேன், 72க்கு விற்றேன். லாபம் 44 லட்சம். இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்ததால் நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் விற்றதற்கு வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது: செஸ் (வரியின் மேல் போடும் வரி) சேர்த்து 5,72,000. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய சொத்து என்பதால் பழைய முறையையும் ஒப்பிடலாம். அதில் வாங்கிய விலையை அரசின் பணவீக்கக் குறியீட்டெண்ணை வைத்து உயர்த்துவார்கள்: 2010-11க்கு 167, 2024-25க்கு 363. 28 லட்சம் 60.86 லட்சமாக உயர்கிறது, லாபம் 11.14 லட்சமாகச் சுருங்குகிறது. அதற்கு 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்தால் சுமார் 2,32,000. எது குறைவோ அது.

ஆக நான் காப்பாற்ற வேண்டியது 2.32 லட்சம். பேசாமல் வரியைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால் என்ன? இதையும் ஒரு வழியாகவே எண்ண வேண்டும். 'வீடு வாங்கலாம், வாங்காமலும் போகலாம்' என்ற மனநிலையில் இருப்பவருக்கு அதுதான் சரியாகக்கூட இருக்கும். நான் நிச்சயம் வாங்குவேன் என்பதால் 54ஆம் பிரிவு விலக்கை விட மனசில்லை. விற்ற நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வாங்கினாலோ, மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ, விற்பதற்கு ஒரு வருடம் முன்பே வாங்கியிருந்தாலோ விலக்கு. புது வீட்டை மூன்று வருடம் விற்கக் கூடாது. (2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு. 54 என்று நான் சொல்வது 1961 சட்டத்தின் எண்.)

பலர் தவறாக நினைப்பது இதை: விற்ற பணம் முழுவதையும் போட வேண்டியதில்லை. லாபத்தை மட்டும் போட்டால் போதும். எனக்கு 72 அல்ல, 44. சரிக்கட்டிய 11 லட்சம் போதாதா என்று ஆடிட்டரிடம் கேட்டேன். "பெரிய எண்ணையே வச்சுக்குங்க சார், பின்னாடி பேச்சு வராது" என்றார்.

இன்னொன்று, நாள் கணக்கு. வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் கடைசி நாள் வரை அந்தப் பணம் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். சம்பளம், ஓய்வூதியக்காரர்களுக்கு அது வழக்கமாக ஜூலை 31. அதற்குள் வீட்டில் போடாத லாபம் மட்டும், இதற்கென்றே வங்கியில் தொடங்கும் மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தில் இருந்தாக வேண்டும். ஏப்ரலில் விற்றவருக்குப் பதினைந்து மாதம் கையில் இருக்கிறது, மார்ச்சில் விற்றவருக்கு நான்கே மாதம். முடிந்தால் மார்ச் கிரையத்தை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். எனக்கு 2025 ஜூலை 31 ஆக இருந்திருக்க வேண்டியது, அந்த வருடம் செப்டம்பருக்கு நீட்டித்தார்கள். 2024 நவம்பரிலேயே இது தெரிந்திருந்தால் 44 லட்சத்தை எட்டு மாத ரசீதாகவும் மீதியைத் தனியாகவும் போட்டிருப்பேன். ஆடிட்டரை நான் போய்ப் பார்த்ததே 2025 ஆகஸ்டில். பத்திரம் எழுதும் முன் பார்த்திருக்க வேண்டிய ஆள்.

கணக்கு தொடங்குவது தனிக் கதை. முதல் கிளையில், "கேபிடல் கெயினா? அது டீமேட்டுங்களா சார்?" என்றார்கள். இரண்டாவதில், திட்டம் தெரியும், ஆனால் அதைச் செய்யத் தெரிந்த அம்மா விடுப்பில். மூன்றாவது கிளையில் ஒரு மேலாளர் இழுப்பறையின் அடியிலிருந்து படிவம் 'ஏ'யை எடுத்தார். ஓரம் மஞ்சளடித்திருந்தது. இது 1988ஆம் வருடத் திட்டம், படிவமும் அந்தக் காலத்ததோ என்னவோ. அப்போது பொதுத்துறை வங்கிகளைத்தான் நாட வேண்டியிருந்தது. 2025 நவம்பரில் பல தனியார் வங்கிகளையும் சேர்த்துவிட்டார்கள். எந்த வங்கியானாலும் கிராமப்புறக் கிளையில் தொடங்க முடியாது.

இதில் இரண்டு வகை. 'ஏ' சேமிப்பு மாதிரி, 'பி' வைப்புநிதி மாதிரி. வட்டியும் அந்தந்த வங்கி வழக்கமாகத் தரும் அளவே, அதற்கு வரியும் உண்டு. நான் 10 லட்சத்தை 'ஏ'யிலும் 34ஐ 'பி'யிலும் போட்டேன். சாதாரண வைப்புநிதியோடு ஒப்பிட்டால் இழப்பது வட்டியை அல்ல, சுதந்திரத்தை. இதன் மேல் கடன் வாங்க முடியாது. ஏடிஎம் கார்டு இல்லை. எடுக்க வேண்டுமென்றால் படிவம் 'சி', அதில் எதற்கு என்று எழுத வேண்டும். 'பி'யிலிருந்து எடுக்க முதலில் 'ஏ'வுக்கு மாற்ற வேண்டும். எடுத்த பணத்தை 60 நாளுக்குள் வீட்டுக்குச் செலவிட வேண்டும், மிச்சத்தைத் திரும்பக் கட்ட வேண்டும். அடுத்த தடவை எடுக்கும்போது முந்தையதை என்ன செய்தீர்கள் என்று படிவம் 'டி'. கடைசியில் வீடே வாங்கவில்லை என்றால், விற்ற நாளிலிருந்து மூன்று வருடம் முடியும் ஆண்டில் அந்த மிச்சத்துக்கு வரி. அபராதம் என்று எதுவும் இல்லை, வரி தள்ளிப்போனது அவ்வளவுதான்.

லாபத்தைப் போட்டால் வரிவிலக்கு தரும் 54இசி பத்திரங்கள் என்று இன்னொன்று சொல்வார்கள். ஐந்து வருடம் பூட்டு, 50 லட்சம் வரம்பு, ஆறு மாதத்துக்குள் வாங்க வேண்டும். அடுத்த வீடு வாங்கப்போகும் பணத்துக்கு அது எதற்கு? சின்ன வீட்டுக்கு மாறுகிறவர்களுக்கு லாபத்தில் மீந்ததைப் போட உதவும்.

கிரைய நாள்

2026 ஜனவரியில் வடவள்ளிப் பக்கம் ஒரு பழைய வீடு 65 லட்சத்துக்கு முடிந்தது. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5,85,000. விலக்குக் கணக்கில் இதையும் வீட்டின் விலையோடு சேர்த்துக்கொள்ளலாம். இந்தத் தடவை 1 சதவீதம் பிடிப்பது என் முறை: விற்றவருக்கு 65,000 குறைத்துக் கொடுத்து, நானே ஆன்லைனில் கட்டினேன்.

சாதாரண வைப்புநிதியாக இருந்த பணம் முந்தின நாள் பத்து நிமிடத்தில் உடைந்து கணக்குக்கு வந்தது. ஆதாயக் கணக்கிலிருந்து எடுக்க மூன்று நாள். ஒப்பந்த நகலைக் கேட்டார்கள், விற்பவர் பெயரில் டிடி எடுத்துத் தந்தார்கள். பத்திரத்தில் டிடி எண், தேதி, வங்கி எல்லாம் வரிவரியாக ஏறும் என்பதால் எழுத்தருக்கு முன்கூட்டியே அந்த எண்கள் வேண்டும். செவ்வாய்க்கிழமை கிரையத்துக்கு முந்தின வியாழனே படிவம் கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று. மீதிக்கு ஆர்டிஜிஎஸ். அது 2020 டிசம்பரிலிருந்து இரவும் பகலும் நடக்கிறது என்றாலும், இணைய வங்கியில் தினசரி வரம்பை உயர்த்துவதும் புதிய பெயரைச் சேர்ப்பதும் அன்று காலையில் செய்யக்கூடிய வேலை இல்லை. அட்வான்ஸாக ரொக்கம் கேட்டார்கள், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்தால் அந்தப் பணத்தைப் பெறுகிறவருக்கே அதே அளவு அபராதம் வரும் என்று ஆடிட்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். காசோலைக்கு ஒத்துக்கொண்டார்.

இன்னொரு முறை இதே பணம் என் கையில் வந்தால் மூன்றாகப் பிரிப்பேன். அட்வான்ஸுக்கென்று ஐந்து லட்சம் ஆட்டோ ஸ்வீப்பில். லாபத் தொகை, தாக்கல் தேதிக்கு ஒரு வாரம் முன்பு முதிரும்படி பெரிய வங்கியில் சின்னச் சின்ன ரசீதுகளாக, அதுவரை வீடு அமையாவிட்டால் ஆதாயக் கணக்குக்கு. மீதியில் பாதி லிக்விட் ஃபண்டு, பாதி வைப்புநிதி. இந்தத் தடவை ஓட்டெடுப்பு வைக்க மாட்டேன்.

ஆதாயக் கணக்கு இன்னும் மூடப்படவில்லை. வட்டியில் மீந்த பதினோராயிரம் சொச்சம் அதில் கிடக்கிறது. மூட படிவம் 'ஜி', அதில் வருமான வரி அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். என் பான் எண் இன்னும் திருச்சி முகவரியிலேயே இருக்கிறது. வீடு விற்ற ஊருக்குக் கையெழுத்துக்காக ஒரு தடவை போக வேண்டும். மனைவி, "போறதுதான் போறீங்க, அந்தத் தெரு வழியா ஒரு நடை போய், முன்னாடி நின்ன மாமரத்தை வெட்டிட்டாங்களான்னு பாத்துட்டு வாங்க" என்றாள்.